அசரியா எண்ணிய கைகள்

அசரியா சாருக்கு ஒரே ஒரு வெறி. அறிவியலைப் பிள்ளைகளிடம் கேள்வியாகத்தான் கொண்டுபோக வேண்டும், பதிலாகக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் பி.எட். கல்லூரியில் அவர் அறிவியல் கற்பித்தல் பேராசிரியர், நான் கணக்கு. எண்பதுகளில் இருவரும் தாம்பரத்தில் ஒரே ரயிலைப் பிடிப்போம். ரயில் வருவதற்குள் டீக்கடைக்காரரிடம் பால் ஏன் பொங்குகிறது என்று கேட்டுக் கழுத்தறுப்பார்.

பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிகளில் பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்விக்கு எத்தனை பிள்ளைகள் கை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார். வருஷா வருஷம் கைகள் கூடின. அந்தக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் பட்டமே வாங்கினார். பதவி உயர்வு மட்டும் வரவில்லை. அவரிடம் படித்தவர்களே அவரைத் தாண்டிப் போனார்கள். எனக்கு வயிறெரியும். அவரோ, பசங்க கை தூக்குறாங்களே, அது போதும் என்பார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு பல்கலைக்கழகம் புதிதாக அறிவியல் கல்வித் துறை தொடங்கியது. தலைவர் பதவிக்கு மனு போட்டார். தேர்வுக் குழு, நிஜமான பள்ளியில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னது. எங்களிடம் படித்த அமலராணி பம்மலில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தாள். தன் பள்ளியிலேயே ஏற்பாடு செய்தாள்.

சார் கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. அவருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியாது என்று அமலராணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி எழுப்பினாள். எழுந்த பிள்ளைகள் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள். குழுவினர் அசந்துபோனார்கள். வேலை கிடைத்துவிட்டது. அவர் மனைவி ஞானஜோதி அக்கா சிட்லபாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நன்றி சொல்ல இருவரும் இனிப்போடு பம்மலுக்குப் போனோம். அமலராணி காபி சொல்லப் போன நேரத்தில் சார் அதே வகுப்புக்குள் நுழைந்தார். ஆணி மூழ்குகிறது, கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெயர் சொல்ல இன்று யாரும் இல்லாததால் ஓரத்தில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். அவள் எழுந்து நின்று அழப் பார்த்தாள்.

"தெர்லன்னா பீச்சாங்கைய தூக்கச் சொல்லிக்கீறாங்க சார். அதான் தூக்கினேன்."

வகுப்பைத் திரும்பிப் பார்த்தோம். முக்கால்வாசி இடது கைகள்.

அமலராணி வந்தாள். எதையும் மறைக்கவில்லை. உங்களுக்கு அந்த போஸ்ட் கிடைக்கணும்னுதான் சார் என்றாள். பாசம்தான். பாழாய்ப்போன பாசம். சார் கோபப்படவில்லை. இந்த யோசனையை யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

"எங்க சீனியர்ஸ் சார். நீங்க வந்து பின்னால உக்காந்து எண்ணுவீங்கல்ல, அப்போ எல்லா பேட்ச்சும் இப்படித்தான் செய்வோம்."

காபி ஆறிப்போனது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். நான் ஆறுதலாக ஏதோ உளறினேன். "என் பி.எச்.டி.யும் அதுதானே" என்றார்.

தெருவுக்கே சொல்லியாகிவிட்டது, சேராமல் என்ன செய்வார்? திங்கட்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். முதல் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காமல், மணி அடிக்கும்வரை நோட்ஸ் சொல்லி எழுத வைத்துவிட்டு வந்தாராம்.