பூவரசஞ்சந்து மருதாயி

தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். சும்மா இருக்கும் கையின் முழங்கையை வெளியே நீட்டியபடி மருதாயி சந்துக்குள் நுழைவாள். முழங்கை எதிலாவது உரசினால் போதும், அங்கேயே நின்றுவிடுவாள். நேற்று இல்லாத துவைகல்லோ கோழிக்கூடோ விறகு அடுக்கோ இன்று புதிதாக முளைத்திருக்கும். "இது யாரு வச்ச கல்லு? உங்கப்பன் வாங்கிப் போட்ட தெருவா?" என்று கேட்டுக்கொண்டே காலால் அதைச் சுவரோரம் தள்ளுவாள். தலைக்குடம் தளும்பாது. "ஏய், முனிசிபாலிட்டி வருது, கூட்டை வெரசா எடு" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

போடியில் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிப்பது அவள் சோலி. சாயங்காலம் அவள் சேலை மடிப்போடு ஏல வாசனையும் சந்துக்குள் வரும். புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகள் செல்லக்கனியைக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த சின்னமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

சந்துக்குப் பெயர் கொடுத்த பூவரசு என்றைக்கோ விறகாகிவிட்டது. மருதாயிக்கு மட்டும் அது இன்னும் நிற்கிறது. சிலமலையிலிருந்து அவளைக் கல்யாணப் பெண்ணாக அழைத்து வந்த கூண்டு வண்டி, மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்த அந்த மரத்தடியை ஒரு சுற்றுச் சுற்றி வாசலிலேயே வந்து நின்றது. "வண்டி திரும்புன தெருதேன் இது" என்று சொல்லும்போது அவள் குரல் தணிந்துவிடும். உடனே ஏறியும்விடும். "ஆளுக்கு ஒரு முழம் தின்னே தீத்துட்டீக!"

தின்றவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மலையிலிருந்து பிழைக்க இறங்கியவர்களுக்குப் பெரிய தெரு வாடகை கட்டுப்படியாகவில்லை. எல்லாரும் இங்கேதான் வந்தார்கள். பிள்ளைகள் பெருகப் பெருக, வாசல்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்ட ஒருத்தியைக் கட்டிலோடு வெளியே கொண்டுபோக வழியில்லாமல், முதுகில் சுமந்துதான் வண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தத் தையில் சின்னமுத்துவின் முழங்காலில் மரக்கிளை விழுந்தது. வேலை போயிற்று. வேலையோடு தோட்டத்து லயத்து வீடும் போயிற்று. இருவரும் மருதாயி வீட்டுக்கு வந்தார்கள். வீடு என்றால் ஒரே அறை. மாமியார் இருக்கும் அறையில் படுக்கக் கூசி, அவன் ஊர்ச் சாவடியில் படுத்தான். மருதாயியும் அவன் முன்னால் நின்று பேசியவள் அல்ல. அவன் தலை தெரிந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். சோறு போதுமா என்று கேட்பதுகூட மகள் வழியாகத்தான்.

"தேவாரத்துல அண்ணன் மாட்டுக்கொட்டம் இருக்கு. அங்க போயிருவோம்" என்றான் சின்னமுத்து. அதைக் கேட்டுச் செல்லக்கனி துணியை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மறுநாளே மருதாயி கொத்தனார் ஒச்சப்பனைக் கூட்டி வந்தாள். அவர் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினார். "திண்ணையையும் சேத்து, தெருப்பக்கம் ஒரு முழம் தள்ளிக்கிட்டா இன்னொரு அறை வந்துரும்க்கா."

சந்தே வேடிக்கை பார்த்தது. ஒருவர்கூடத் தடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜெயபாக்கியம் வாய்விட்டே சொன்னாள். "நல்லா இழுத்துக் கட்டுங்க மதினி. நாளைக்கு நாங்க கட்டும்போது உங்க வாயி தெறக்காதுல்ல!"

மருதாயி நூலைப் பார்த்தாள். வீட்டுக்குள் கிடந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு குனிந்து முளைக்குச்சியைப் பிடுங்கி ஒச்சப்பன் கையில் கொடுத்தாள்.

"மேல கட்டு."

"மச்சு போடவா? சுவரு தாங்கும், பனங்கை போட்டுப் பலகை அடிச்சுறலாம். ஆனா மாப்ளை காலுக்கு ஏணி ஆகாதேக்கா."

"அவரு எதுக்கு ஏறணும்? நான் ஏறுறேன்."

ஜெயபாக்கியம் மோவாயில் கை வைத்தாள். "அடி ஆத்தீ! மருமகன் தலைக்கு மேல காலை நீட்டிப் படுப்பீகளா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும். சிரிப்பு தெருவை அடைக்காதுல்ல" என்றாள் மருதாயி. ஆனாலும் முகம் கறுத்துத்தான் போயிற்று.

மச்சு முடிந்த அன்று பொழுது சாய்கிற வேளை. சாவடியிலிருந்து சுருட்டி வந்த பாயைக் கீழே விரித்து, சின்னமுத்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். செல்லக்கனி மூட்டையைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மருதாயி தன் பாயைக் கக்கத்தில் இடுக்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மருமகன் பக்கம் பாராமல் ஏணியில் ஏறினாள்.

மேலே பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பலகை இடுக்கு வழியாகக் குரல் மட்டும் மெல்ல இறங்கி வந்தது.

"ஏத்தா, மாப்ளை எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாரு?"

"கெழக்காலதேன். எதுக்கும்மா?"

மேலே விரித்த பாயைச் சுருட்டி, மறுபடி திருப்பி விரிக்கும் சரசரப்பு மட்டும் கேட்டது.