இருபத்துமூன்று வர வேண்டும்

சாக்ஸ் கம்பெனி ஆபீசில் அவரை எல்லோரும் ‘ஃபார்முலா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதிலிருந்த கேலி அவருக்கு உறைத்ததே இல்லை. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு திரிந்தார். எக்செல்லில் தெரிந்தது என்னவோ இரண்டு ஃபார்முலா. அதற்கே தலைகால் புரியாத ஆட்டம்.

வீட்டிலும் அதே மிடுக்கு. அவருடைய மனைவி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் ஐயாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் அவள் தன் தலையை வாரிக்கொள்ள முடியும். மடிப்பு கோணினால் மறுபடி தேய்க்க வேண்டும். அவர் பாட்டுக்குத் துரை மாதிரி கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்விடுவார். சில நாள் அவள் பஸ்ஸை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவாள்.

ஆர்டர் குறைந்த சமயம். கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்: “பேக்கிங்ல, இந்த வருஷம் பத்து தடவைக்கு மேல லேட்டா வந்தவங்க எத்தனை பேரு? அவங்கள நிறுத்திடலாம்.”

ஃபார்முலா லேப்டாப்பில் வருகைப் பதிவைத் திறந்து தட்டினார். “இருபத்திமூணு, சார்!”

மேனேஜர் அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

இருக்கைக்கு வந்த பிறகுதான் ஃபார்முலாவுக்கு வியர்த்தது. தாமதம் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் போட்டு மொத்தக் கம்பெனியையும் எண்ணியிருக்கிறார். பேக்கிங் என்ற நிபந்தனையையும் சேர்த்து, இரண்டுக்கும் பொருந்தும் வரிசைகளை மட்டும் எண்ணச் சொன்னார். ஒன்பது வந்தது.

சூடு சொரணை உள்ளவன் எழுந்து போய், “தப்பாச் சொல்லிட்டேன் சார்” என்றிருப்பான். இந்த மனுஷர் என்ன செய்தார்? பத்தை அழித்து எட்டு என்று போட்டார். போதவில்லை. ஆறு என்று போட்டார். மூன்றுக்கு மேல் என்று போட்டதும் கனகச்சிதமாக இருபத்துமூன்று வந்து நின்றது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான். அந்த ஃபார்முலா எத்தனை பேர் என்றுதான் சொல்லும், யார் யார் என்று சொல்லாது. பார்க்க வேண்டுமானால் வரிசைகளை வடிகட்டிப் பார்க்க வேண்டும். அவர் மெனக்கெடவில்லை. “மூணுக்கு மேலன்னு எடுத்துக்கோங்க” என்று ஆள் நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் இருபத்துமூன்று பேருக்கும் கடிதம் வந்தது. ஒன்று அவர் மனைவிக்கு. அவள் நான்கு தடவை தாமதம். நான்கும் அந்தச் சட்டையால்.

அவளையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார். “சார், இவ என் சம்சாரம். நாலே நாலு தடவைதான் சார்…”

“நாலா? நான் பத்துக்கு மேலன்னுல்ல கேட்டேன்! அப்ப நீங்க சொன்ன கணக்கு தப்பா?”

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். தப்பு என்ற ஒரு சொல் போதும். அவளோடு இன்னும் பதின்மூன்று பேர் பிழைத்திருப்பார்கள்.

“கணக்கு சரிதான், சார். நிபந்தனைய கொஞ்சம் இறுக்கினேன், அவ்வளவுதான்” என்றார்.

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சரியான கணக்குதான்” என்றாள். “நாளைலேருந்து சட்டைய நீங்களே தேச்சுக்குங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”