பாலைத் தவறவிட்ட ஆமை கேமரா

‘ட்ஸீக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் அந்த வெள்ளிநிறப் பெட்டிக்குள்ளிருந்து லென்ஸ் மெதுவாகத் தலையை நீட்டும்... அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் கை பரபரக்கும்.

என் மகள் கலா ஃபேக்டரி வேலைக்குப் போய் வாங்கிய டிஜிட்டல் கேமரா. வாங்கியது அவள்தான். ஆனால் முதல் வாரமே அது என் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதிலிருந்த இங்கிலீஷ் ஒன்றும் புரியாது. இருந்தாலும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் டிஜிட்டல் கேமரா பிடித்த முதல் பொம்பளை நான்தான்.

என் வீட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் ஆமை.

பட்டனை இன்று அமுக்கினால் நாளைக்குப் படம் விழும் என்பார். அவ்வளவு மோசமில்லை... ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம். அதற்குள் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கோழி ஓடிவிடும். பேட்டரி தின்பதில் மட்டும் ராட்சசி. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதி பழையபடி ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். என் ஆல்பத்தில் தீபாவளி, கோயில் திருவிழா, காதுகுத்து எல்லாமே ஜனவரி ஒன்றுதான்.

ஆனாலும் துண்டில் சுற்றி வைத்திருப்பேன். யாரையும் தொட விடமாட்டேன்.

அவர் தோட்டத்து லோரி டிரைவர். செம்பனைக் குலை ஏற்றும்போது ஒன்று நழுவி விழுந்து முன்பல் இரண்டு போய்விட்டது. அதிலிருந்து கேமராவைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார். எந்தப் படத்திலும் ஐசி அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பார்.

கேமரா வந்த வருஷம்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, அசாம் ஜாவா என்கிற ஊரில் சொந்த வீட்டுக்குப் போனோம். பால் பொங்கி வழிகிற அந்த ஒரு நொடியைப் படம் பிடித்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி. லயத்து வீட்டுக்கு நாங்கள் பால் காய்ச்சியதே இல்லை. வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சாவியைக் கொடுத்தார், சட்டி பானையோடு குடிபோனோம், அவ்வளவுதான். இதுதான் எங்கள் முதல் பால்.

பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. நான் ஆமையைத் திறந்தேன். நீட்டிய தலையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. பேட்டரி...

“அடுப்பக் கொற லா பார்வதி. பேட்டரி போச்சு.”

என் நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னா அண்ணி, பொங்குற பால யாராச்சும் நிறுத்தச் சொல்லுவாங்களா?”

சொல்லிக்கொண்டே குறைத்தும் விட்டாள். நான் பேட்டரியைக் கழற்றிப் பட்டுச் சேலையில் தேய் தேய் என்று தேய்த்துப் போட்டேன். அப்படிச் செய்தால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். தேதி கேட்டது. ஜனவரி ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“ம்... இப்ப ஏத்து.”

பால் எழும்பியது. ஆமையின் குணம் தெரிந்தவள் நான். விளிம்புக்கு வருமுன்பே அமுக்கினேன்.

ஒன்று... இரண்டு...

பால் பொங்கி வழிந்தே விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆமை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குறுக்கே தலையை நீட்டி, “என்னா புள்ள, ஒன் ஆம கரை சேந்திருச்சா?” என்று கேட்டுவிட்டு, அவரே அடக்கமுடியாமல் சிரித்தார்.

அப்போதுதான் ‘டிக்’ என்றது.

படத்தில் பால் இல்லை. முழுக்க அவர். வாயெல்லாம் திறந்து, அந்த இரண்டு பல் சந்தும் தெரிய ஒரு சிரிப்பு. பின்னால் பானை ஓரத்தில் வழிந்த நுரை கொஞ்சம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

“அந்தப் படத்த அழிச்சிரு” என்றார் அவர்.

அழிக்கிற பட்டன் எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் கலா புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். என் பேத்தி தர்ஷினி போனை ஒரு தடவை தொட்டாள், முப்பது படம் விழுந்தது. பால் எழும்பியது, விளிம்பில் நின்றது, வழிந்தது... ஒரு சொட்டு தப்பவில்லை. கெட்டிக்காரி. பல்செட்டு கட்டிய அவள் தாத்தாவும் முப்பதிலும் சிரிக்கிறார். முப்பதிலும் ஒரே சிரிப்பு.

நான் கைப்பையிலிருந்து ஆமையை எடுத்தேன்.

“சீரியஸா பாட்டி? இது இன்னும் ஓடுதா?”

“ஓடும்மா. மெதுவா ஓடும்.”

ட்ஸீக்...

சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் எதிரே வந்து நின்றார்.

பட்டனை அமுக்கினேன். இரண்டு பேரும் காத்திருந்தோம்.