வாலாட்டி திரும்பிப் பார்க்கிறது

கண்ணாடி முன் ஒற்றைக் காலில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்கூடச் சிமிட்டாமல் நிற்கிறார் கொக்கு சார். எந்தப் பறவையை வரைவதானாலும் முதலில் அதுவாகவே கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் அவருக்குத் தூரிகை ஓடும். டீயோடு மாடியேறி வரும் மனைவி, "இது உங்களுக்கா, கொக்குக்கா?" என்று கேட்பார். கொக்கு அசையாது. டீ ஆறிப்போகும்.

பெயர் தெருக்காரர்கள் வைத்தது. இறகுக்கு இறகு அச்சு அசலாக வரைவார். ஆனால் பறவைக்கு அர்த்தம் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. "சமாதானம், ஞானம் எல்லாம் நாம மாட்டிவிட்ட சட்டைங்க. அது பாவம், இரை தேடிக்கிட்டு இருக்கு!" அறிவுக்கு அடையாளமாக ஆந்தை கேட்ட பல் டாக்டருக்கு, அலகில் எலிவால் தொங்கும் ஆந்தையைக் கொடுத்தார். அதைப் பார்த்த நோயாளிகள் வாயைத் திறக்கவே மறுத்தார்களாம். சமாதானப் புறா கேட்ட வக்கீலுக்குக் கிடைத்தது, ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் இரண்டு புறாக்கள். வக்கீல் மட்டும் சந்தோஷமாகச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மகள் படம் கேட்டாள். தூரத்து ஊரில் வேலை. அங்கே அவள் அறைச் சுவருக்கு. ஒரே மகள். இவள் போய்விட்டால் வீட்டில் யாரை வம்புக்கு இழுப்பது என்று அவருக்கு உள்ளூரக் கலக்கம். வாயைத் திறந்து சொல்லமாட்டார். வாலாட்டிக் குருவியை வரைந்தார். எங்கே பறந்து போனாலும் வருஷம் தவறாமல் அவர் மொட்டைமாடிக்கே திரும்பி வரும் பறவை.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"வாலாட்டின்னு அர்த்தம்."

"கிளம்பிப் போற மாதிரியே நிக்குதே. ஒரு தடவை திரும்பிப் பாத்தா என்னவாம்?"

"நான் பாத்தப்போ அப்படித்தான் நின்னுச்சு. பாக்காததை வரையமாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அதன்பிறகு அந்தப் படத்தின் பக்கமே போகவில்லை.

மகள் கிளம்பும் நாள் வந்தது. வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. மாடிக்கு ஓடிய மனைவி தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடி முன் கொக்கு சார், கைகளைப் பின்னால் கோர்த்து, கழுத்தைத் திருப்பி, வால் ஆட்டுவதுபோல் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி நிக்குது. நீங்க என்ன ஆட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"அஞ்சே நிமிஷம்!"

மகள் கைக்கு வந்த படத்தில் வாலாட்டி தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டாள், விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது.

"பாக்காததை வரையமாட்டீங்களே?"

"தொடாதடி, இன்னும் காயல!"

படத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். தெருமுனையில் வண்டி வளையும்போது ஜன்னலில் அவள் தலை திரும்பியது. நடுத்தெருவில் கொக்கு சார் கைகளைப் பின்னால் கோர்த்துக்கொண்டு, இடுப்பை ரெண்டு ஆட்டு ஆட்டினார்.