படத்தின் கடைசி அரைமணி

தையலம்மா சினிமாவுக்குள் நுழைந்தது ஊசி நூலோடுதான். வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டதும், படப்பிடிப்புகளில் உடை தைக்கும் குழுவில் சேர்ந்தார். ஒரு நடிகை இளைப்பார், இன்னொருவர் பெருப்பார். தையல் பிரித்துப் பிடித்துக் கொடுத்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார் தையலம்மா.

அந்தப் பேச்சை ஒரு நாள் இளம் இயக்குநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தொழிற்சாலையின் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுபோன கதை. பழுது பார்க்க வந்தவர் கதவிடுக்கில் வாய் வைத்து, "இத்தனை பேரு ஏறுனா அது என்னம்மா பண்ணும்?" என்று கேட்டிருக்கிறார். தையலம்மா உள்ளிருந்தபடியே அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மறுவாரம் அதே மனிதர் கிழிந்த சட்டைப் பையோடு வந்து நின்றார். தைத்துக் கொடுத்த பை மறுபடி கிழிந்தது. அது ஏன் அப்படிக் கிழிகிறது என்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் புரிந்த பிறகு, இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இயக்குநர் அதை அப்படியே படமாக்கினார். கதாநாயகனுக்கு லிஃப்ட் கதவைத் திறக்கப் பழக்கியவர் தையலம்மாவின் கணவரேதான். அவருடைய தோல் பை, கருவிகள், அவர் முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கும் விதம் எல்லாம் படத்தில் ஏறின. நிஜக் காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

ஒன்றை மட்டும் இயக்குநர் மாற்றினார். கடைசி அரைமணியில் மனைவி நோயில் விழுந்து இறந்துபோகிறாள்.

நன்றாக இருக்கிறவளை ஏன் கொல்கிறீர்கள் என்று தையலம்மா கேட்டதற்கு, "நீங்க உசுரோட இருந்தா படம் முடிய மாட்டேங்குதும்மா" என்றாராம். அதைத் தையலம்மா பல காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கணவரோ தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு குறட்டை விட்டுவிட்டார். பெண்டாட்டி செத்ததையே பார்க்காத மனுஷன் என்று வீட்டில் அது ஒரு கேலி.

வயதான பிறகு கணவருக்கு ஞாபகம் உதிரத் தொடங்கியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகளின் பெயர். பழைய படங்களைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள் என்றார் மருத்துவர். கல்யாணப் படங்களோ என்றோ மழை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மகளுக்குத்தான் யோசனை வந்தது. இவர்களுடைய இளமை முழுக்க ஒரு படத்தில் பத்திரமாக இருக்கிறதே.

தொலைக்காட்சியில் போட்டார்கள். தோல் பையைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்தார். "என் பைதான் அது" என்றார். அடுத்த நாள் லிஃப்டைப் பற்றிப் பேசினார், அதற்கடுத்த நாள் கிழிந்த சட்டையைப் பற்றி. மகள் கண்ணில் நீரோடு தினமும் படத்தைப் போட்டாள், முதலிலிருந்து கடைசி வரை. இந்த முறை அவர் தூங்கவில்லை.

ஒரு காலையில் தையலம்மா தேநீர் கொண்டுபோனபோது அவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நீ, வா, போ என்றே பேசிய வாய். தன் மனைவி இறந்துவிட்டாள் என்றும், கடைசி மூச்சு வரை கையைப் பிடித்திருந்தது தான்தான் என்றும் சொல்லி அழுதார்.

"ஏங்க, நான்தாங்க. இங்கதான இருக்கேன்."

அவர் பின்வாங்கி, சுவரோடு ஒட்டி நின்றார். "செத்தவ பேர வச்சு விளையாடாதீங்க" என்றார்.

அன்றோடு படத்தை நிறுத்தச் சொன்னார் தையலம்மா. கணவர் அழுவது நின்றது. பேச்சும் நின்றது. ஊட்டினால் வாங்கிக்கொண்டார், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அழுதாலும் பேசிக்கொண்டாவது இருந்தாரே என்று மகள் சண்டைக்கு வந்தாள்.

"என்னைப் புதைச்சுட்டுல்லடி பேசுறாரு" என்றார் தையலம்மா.

ஆனாலும் அந்த மௌனத்தை அவரால் நெடுநாள் தாங்க முடியவில்லை. ஒரு மதியம் தானே படத்தைப் போட்டார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவமனை வரும் இடத்துக்கு முன், மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பும் காட்சியில் அணைத்துவிட்டார். மறுநாளும் அதே இடத்தில். அதற்கப்புறம் இருப்பதை இனி யாரும் போடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சில வாரங்களில் அவர் கணக்கில் மனைவி பிழைத்துக்கொண்டாள். வேலைக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். அவர் சிரிக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் மட்டும் இன்னும் யாரோ ஓர் அம்மா. பொழுது சாய்ந்தால் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"இன்னும் காணோமே" என்பார்.

வேலை முடிந்திருக்காது, வந்துவிடுவார் என்று தையலம்மா சமாதானம் சொல்வார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்தால் கணவருக்கு மனசு கேட்காது.

"இருந்து அவளைப் பாத்துட்டுப் போங்களேன். உங்களுக்குப் பிடிக்கும்."

"சரிங்க, இருக்கேன்" என்று தையலம்மா மறுபடி உட்கார்ந்துகொள்வார்.