ஓடாத நாய்

எங்கள் வீட்டுக்குக் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பது என் மனைவி கண்டுபிடித்த விஷயம். அந்த ஆள் நான் இல்லை என்பதும் அவள் கண்டுபிடித்ததுதான்.

காரமடை போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். பாதிக்கு மேல் காலி சைட். பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும். எனக்கு பம்ப்செட் விற்கிற வேலை. பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறை என்று மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான் குடித்தனம். அப்படி ஒரு தடவை நான் வால்பாறையில் இருந்தபோது, எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து, கேஸ் சிலிண்டரையும் தண்ணீர் மோட்டாரையும் எவனோ கொண்டுபோய்விட்டான். மோட்டார் நான் விற்றது. திருடனுக்கே பிடித்திருக்கிறது என்றால் நல்ல சரக்குதான் என்று போனில் சொன்னேன். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏனுங்க, நானும் புள்ளையும் தனியா ஊட்டுல இருக்கறோம். உங்களுக்கு வெளையாட்டாப் போச்சு. ஒரு நாயாச்சும் வாங்கிப்போடலாமுங்க."

"கேமரா மாட்டிப்போட்டா?"

"கேமரா கொலைக்குமா?"

கேமரா குரைக்காது. ஒத்துக்கொண்டேன்.

ஆனால் நாய் என்ற பேச்சை எடுத்ததும் மகள் எழுந்து உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அவளுக்கு ஒன்பது வயது. முன்பு கணபதியில் வாடகை வீட்டில் இருந்தபோது, தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவளை ஒரு தெருநாய் துரத்தியது. கடிக்கவில்லை. பயத்தில் இவள் வேகமாக மிதித்து, கீழே விழுந்து, முழங்கை எலும்பில் விரிசல். கை கூடிவிட்டது. சைக்கிள்தான் அன்றிலிருந்து சுவரோடு சாய்ந்து நின்றது. அதை லாரியில் ஏற்றிவந்து புது வீட்டுச் சுவரிலும் சாய்த்து வைத்தோம். டயரில் காற்றில்லை. ஸ்கூல் வேன் கேட்டை ஒட்டி வந்து நிற்கும், அதில் ஏறவும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் லேஅவுட்டைச் சுற்றி சைக்கிள் விடும்போது, இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் டிவி பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தெருவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை. வீட்டுக்குள்ளேயும் நாயைக் கொண்டுவந்து விட்டால் அவள் எங்கே போவாள்? திருட்டைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பேர் பேக்கரி. யோசனை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த பாய் ஒருவர், உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம், எனக்காக வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கோடவுனில் ஒரு நாட்டு நாய் உண்டு.

"மாப்ளே, உனக்குக் கடிக்கற நாய் வேணுமா, கொலைக்கற நாய் வேணுமா?"

"ரெண்டுந்தான் பாய்."

"கடிக்கற நாய் வாங்குனா கூடவே ஒரு வக்கீலையும் வாங்கிக்கோ."

பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர், கேட்காமலேயே எங்கள் பக்கம் சேரை இழுத்துப்போட்டார். "ராஜபாளையம் வாங்குங்க சார். ஒரே எஜமான்தான். வேற ஆரையும் மதிக்காது."

"எங்க ஊட்டுல அந்த ஒரு ஆளு நானா இருக்க மாட்டேனுங்களே."

டீ போடுகிறவர் கோம்பை என்றார். பார்சல் வாங்க வந்தவர் டாபர்மேன் என்றார். நான் வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் யூடியூபில் பார்த்து ராட்வீலர் என்று முடிவு செய்தேன். கறுத்த முகம், அகன்ற மார்பு, நடந்து வந்தால் தெருவே ஒதுங்கும். மனைவி ஒரு நிமிஷம் வீடியோவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"செரிங்க. உங்களப் பாத்துத்தான் ஒருத்தரும் பயப்படறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோட்டில், ராட்வீலர் வளர்த்து விற்கிற ஒருவரின் தோட்டத்துக்குப் போனோம். மகள் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். குட்டிகள் உருண்டையாக, தள்ளாடிக்கொண்டு, கொஞ்சத் தோன்றுகிற மாதிரி இருந்தன. தாய் எங்கே என்று கேட்டேன். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. என்னைப் பார்த்ததும் அது வலையின் மேல் பாய்ந்த பாய்ச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"கொழந்த மாதிரிங்க சார்," என்றார் வளர்ப்பவர், அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி.

அடுத்த நிமிஷம் நான் காருக்குள் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கும் பயமுங்களா அப்பா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் ஓடியதில் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, ஒரு கால்நடை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். கிளினிக் ஓரத்தில் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த ஜாதி நாய் நல்லது என்று கேட்டேன். டாக்டரம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யார் நடக்கக் கூட்டிப்போவார்கள், கட்டியே போடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார்.

"நாள் பூரா சங்கிலில கெடந்தா எந்த நாயும் மொரடாத்தானுங்க போகும். அது ஜாதிக் கொணமில்ல. நீ சொல்லு பாப்பா, உனக்கு எப்படி நாய் வேணும்?"

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு, "ஓடாத நாய் இருக்குதுங்களா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணு இருக்குது கண்ணு. ஆனா நீ ஓடுனா எந்த நாய்க்கும் பின்னால வரத் தோணும். நீ நின்னுட்டா அதுவும் நின்னுரும். சோறு திங்கறப்ப, தூங்கறப்பக் கிட்டப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிற ஒரு தம்பதி, அபார்ட்மெண்ட்டில் வைத்துக்கொள்ள முடியாதென்று விட்டுப்போனது அந்த நாய். லாப்ரடார் கலப்பு, பெண். குட்டியில்லை. ஐந்து வயது. "மனுசக் கணக்குல ஏறக்கொறைய உங்க வயசுதானுங்க," என்றார் என்னிடம். பார்த்தால் வயசு மட்டுமில்லை, தொப்பையும் அப்படித்தான் இருந்தது. எங்களை மோந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துகொண்டது. காவலுக்கு ஆகுமா என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ பைக் நிறுத்த, அது ஒரு தடவை குரைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல். மேஜையில் இருந்த டம்ளர் நடுங்கியது.

"திருடனுக்கு இந்தச் சத்தம் போதுமுங்க. கடிக்கோணுமுன்னு இல்ல."

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேர் வைக்கிற வரைக்கும் அம்மணி என்று கூப்பிடலாம் என்றாள் மனைவி. அதற்குப் பிறகு பேர் வைக்கவே இல்லை. அம்மணிக்கு போர்ட்டிகோ, மகளுக்கு வீட்டுக்குள் என்று பாகம் பிரித்தாயிற்று. நடுவில் ஜன்னல். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். அம்மணி ஜன்னலுக்கு வெளியே, அவளுக்கு நேர் கீழே படுத்துத் தூங்கும். நான் பேச ஆரம்பித்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் நடக்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் காவல் பிரமாதம். கூரியர்காரர் பார்சலைப் பார்த்தீனியத்துக்குள் போட்டுவிட்டு ஓடினார். மனைவிக்கு மானம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க, வாங்க" என்பது வாயில் தானாக வந்துவிடும். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் தண்ணீர்ச் சொம்பு கைக்குப் போன பிறகுதான். அப்படிப்பட்ட வாசலில் ஒரு நாய் நின்று வருகிறவர்களை விரட்டினால் எப்படி? ஒவ்வொரு தடவை அது குரைக்கும்போதும் மனைவி பிஸ்கட்டோடு ஓடினாள்.

"ஒறம்பரை வந்திருக்காங்க அம்மணி, சத்தம் போடக் கூடாது. இந்தா. நீங்க வாங்க, அது ஒண்ணும் பண்ணாதுங்க."

நானும் வீட்டிலிருக்கிற நாளில் அதையேதான் செய்தேன். கேஸ் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், வழி கேட்டு வருகிறவர், எல்லோருக்கும் சொந்தக்காரர் மரியாதை. கொஞ்ச நாளில் அம்மணி குரைப்பதையே விட்டுவிட்டது. கேட் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு போகும், வந்தவரை உள்ளே கூட்டிவரும், பிஸ்கட் டப்பா இருக்கிற திசையைப் பார்க்கும். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாகச் செய்திருக்கும்.

நான் மறுபடியும் வால்பாறையில் இருந்த ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். கீழே எட்டிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் மோட்டாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மணி, வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி. இவள் கத்தினாள். அவன் நிமிர்ந்து, "குடிக்கத் தண்ணி கேக்கலாமுன்னு வந்தேனுங்க்கா," என்றானாம்.

"பொறகு?"

"பொறகென்னுங்க... தண்ணி குடுத்தேன்."

"மோரு இல்லியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. பயத்துல எனக்கு ஒண்ணும் ஓடல. வாய் தானா இருங்க தாரேன்னு சொல்லிருச்சுங்க."

அதற்கு மேல் எனக்கும் கிண்டல் வரவில்லை. அவள் பயந்தது நிஜம். மகள் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரம் என்பதால் தப்பித்தோம். பாய்க்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரிந்த இடத்தில் நல்ல கோம்பை ஒன்று இருந்தது. அம்மணியைத் தன் கோடவுனுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஒரு நாய் வேலை பார்க்கிறது, இது சும்மா படுத்திருக்கட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்னி வேனோடு வந்துவிட்டார். நான் சங்கிலியைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற சத்தம். மகள் போர்ட்டிகோவில் நின்றாள். அம்மணி இருக்கும்போது அவள் அங்கே கால் வைத்து நான் பார்த்ததில்லை. கன்னம் விறைத்திருந்தது.

"அம்மணியத் தாட்டி உடாதீங்கப்பா."

"கண்ணு, அது கொலைக்கவே மாட்டீங்குது. நீயும் அம்மாவும் தனியா இருக்கறீங்க..."

"அது கொலைச்சுது. நீங்கதான் பிஸ்கட் குடுத்து நிறுத்துனீங்க. அம்மாவும். ஒவ்வொரு தடவையும். நான் ஜன்னல்ல பாத்துட்டேதான இருந்தேன்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு வேலை இருப்பது போல மணிபிளாண்ட் இலையைத் துடைத்தாள். மகள் குனியாமல் கையை மட்டும் கீழே நீட்டினாள். அம்மணி அதற்காகவே காத்திருந்த மாதிரி காதைக் கொண்டுவந்து அந்தக் கைக்குள் வைத்தது. அது முதல் தடவை இல்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஜன்னல் கம்பி வழியாக எத்தனை நாளாக நடந்ததோ.

"கோம்ப வந்தா ஓடும்," என்றாள். கை அம்மணியின் காதை விடவில்லை. "என்னால மறுபடியும் வெளிய வர முடியாது."

பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்ளே, வண்டிய எடுக்கறதா வேண்டாமா? இல்லீன்னா எனக்கு வேற வேலையாச்சும் குடுங்க."

மகள் வேலை கொடுத்தாள். நானும் பாயும் கேட்டுக்கு வெளியே போக வேண்டும். கேட்டை ஆட்ட வேண்டும். அம்மணி குரைத்தால்தான் பிஸ்கட், பிஸ்கட் அவள் கையில் மட்டும். அதுவரை யாரும் வாங்க என்று சொல்லக் கூடாது.

ஆட்டினோம். அம்மணி வாலை ஆட்டியது. மறுபடி ஆட்டினோம். வெயில் ஏறியது. உள்ளே மனைவி தவித்துப்போனாள்.

"பாய் வெயில்ல நிக்கறாருங்க! நம்மூட்டுக்கு வந்தவர இப்புடி நிறுத்தி வெக்கறதா? ஒரு வாய் காப்பியாச்சும்..."

"அம்மா, பேசாதீங்க!"

"இருக்கட்டும் தங்கச்சி," என்றார் பாய். "நான் இன்னிக்குத் திருடன். திருடனுக்குக் காப்பி வேண்டாம்." பிறகு துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டின் மேல் ஏறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கினார். அவருடைய உடம்புக்கு அது பெரிய துணிச்சல். அம்மணிக்கே பொறுக்கவில்லை. எழுந்து நின்று ஒரு குரை குரைத்தது. பாய் கால் வழுக்கி என் மேல் சாய்ந்தார். உள்ளே மகள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. "இப்பச் சொல்லுங்கம்மா!" என்றாள். அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "வாங்க, வாங்க!" என்றாள்.

அப்படியே மகள் நாள்தோறும் பழக்கினாள். நாய் சீக்கிரம் படித்துக்கொண்டது. மனைவிக்குத்தான் நாளானது.

போன வாரம் வால்பாறையிலிருந்து சாயங்காலம் வந்து இறங்கினேன். பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினால், கேட் திறந்து கிடக்கிறது. நடுவில் அம்மணி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் சைக்கிளைக் காணோம். தெருவின் அந்தக் கோடியில், வளைவு திரும்புகிற இடத்தில், ஒரு சின்ன உருவம் மிதித்துக்கொண்டு போவது தெரிந்தது. அம்மணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் போகவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை.

அதற்குள் என்னைப் பார்த்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரைத்தது. நான் நின்றுவிட்டேன். தூரத்தில் பிரேக் பிடிக்கிற சத்தம்.

"அப்பா, அங்கயே நில்லுங்க! பிஸ்கட் என்ற கிட்டதான் இருக்குது, வாரேன்!"

வாசலில் மனைவி வந்து நின்றாள். என்னைப் பார்த்து வாய் பாதி திறந்தது, மகளைப் பார்த்து மூடிக்கொண்டது. என் சொந்த வீட்டுக்கு முன்னால், தோளில் பையோடு, மகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். அவள் அவசரப்படாமல்தான் வந்தாள்.