படகின் பின்கயிறு

பள்ளிப் பிள்ளைகளைத் துடுப்புப் படகில் ஏற்றி, ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கவைத்துக் கூட்டிவருவதுதான் அவர் பிழைப்பு. பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மாஸ்டர். அவர் வாய்க்குப் பயந்து மீன்கூடக் கரை ஒதுங்கும் என்பாள் மனைவி.

அன்று அவர் பின்னால் உட்கார்ந்து திசை பார்க்க, முன்னால் ஓர் ஒல்லிப் பெண் துடுப்புப் போட்டாள். படகு நகருவேனா என்றது. மற்ற படகுகள் முந்திப் போயின.

"துடுப்புப் போடுறியா, தண்ணியத் தடவிக் குடுக்கறியா?"

வழிநெடுக அவளை வறுத்தெடுத்தார். முன்னால் போன படகுகளில் ஒரே சிரிப்பு. அவள் குனிந்து துடுப்பை இன்னும் அழுத்திப் போட்டாள்.

கரையில் படகை இழுத்தபோதுதான் பார்த்தார். பின்கயிற்றைச் சுருட்டி உள்ளே போட அவர்தான் மறந்திருந்தார். அதன் நுனியில் ஆள் உயரக் கிளை ஒன்று சிக்கி, தண்ணீருக்கடியில் கூடவே வந்திருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் கிளையைப் புதரில் வீசினார். சாப்பிடும்போது அவளிடம் உண்மையைச் சொல்லிவிட எழுந்தார். ஆனால் விசிலைத்தான் ஊத முடிந்தது.

மறுநாள் படகு பறந்தது. அவள் திரும்பிச் சிரித்தாள்.

"நேத்து நீங்க திட்டினது நல்லதாப் போச்சு மாஸ்டர். இன்னிக்குத்தான் எனக்கு ஒழுங்கா வருது."

காலடியில் சுருண்டு கிடந்த கயிற்றின்மேல் அவர் பையை இழுத்து மூடினார்.